அச்சமா? எச்சரிக்கையா?

1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டுப் போயிற்று. என் சதுரங்கப் பலகையை விட்டு மட்டும் அண்மைக்காலம்வரை போகவில்லை! கறுப்புக் காய்கள் என் பங்குக்கு வந்தால் 'பிரெஞ்சுத் தடுப்பு'தான் ஆடுவேன். 1834இல் லண்டன் நகரத்தோடு அஞ்சல் வழியே மோதிய பாரிஸ் ஆட்டக்காரர்களால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, சிப்பாய்ச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பேன். வெள்ளைக் காய்கள் கிடைத்தாலும் அதே பதுங்கல்தான். தோல்வி குறைவு, வெற்றியோ அதனினும் குறைவு.

வகுப்பிலும் நான் அப்படியே. விடை தெரிந்திருந்தும் கை உயர்த்தியதில்லை. பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்க இரண்டு ஆண்டுகளாக எண்ணி, எண்ணியதோடு நின்றேன்.

இவ்வாண்டு துணிந்து 'கிங்ஸ் காம்பிட்' ஆடத் தொடங்கினேன். வெள்ளைக்காரர் இரண்டாவது நகர்த்தலிலேயே, ராஜாவை அடுத்த மந்திரியின் சிப்பாயைப் பலியாக நீட்டும் ஆட்டம் அது. முதல் ஐந்து முறையும் தோற்றேன். "உனக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்றனர் நண்பர்கள்.

ஆனால், அத்தோல்விகள் ஒன்றைக் கற்பித்தன. சிப்பாயைக் கொடுத்து, ராஜாவின் வாசலும் திறந்தபின், ஒவ்வொரு நகர்த்தலையும் முன்னிலும் கவனமாக எண்ண வேண்டியிருக்கிறது. சுவருக்குப் பின்னால் இருந்தபோது நான் எண்ணவேயில்லை, அஞ்சினேன், அவ்வளவே. அச்சத்துக்குத்தான் இத்தனை நாளும் எச்சரிக்கை என்று பெயரிட்டிருந்தேன்! ஆகவே, அதிரடி ஆட்டத்தை முதலில் கற்க வேண்டியவன் எச்சரிக்கைக்காரனே என்பது என் கருத்து.

1960இல் ஸ்பாஸ்கி இந்த ஆட்டத்தால் பாபி ஃபிஷரை வீழ்த்தினார். மறு ஆண்டே, இது செல்லாத ஆட்டம் என்று கட்டுரை எழுதினார் ஃபிஷர். அவரே 1963இல் அமெரிக்கச் சாம்பியன் போட்டியில் இதையே ஆடி வென்றார். ஆராய்ந்தவருக்கு அச்சம் இல்லை.

பிரெஞ்சுத் தடுப்பின் மேலும் குற்றமில்லை. 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில், டிங் லிரென் அதைக் கொண்டே சென்னையின் குகேஷை வென்றார். ஒளிவதற்கு அதைப் பயன்படுத்தியவன் நான்தான். தோற்ற குகேஷும் சுருண்டுவிடவில்லை. பதினெட்டு வயதில் உலகப் பட்டத்தோடு திரும்பினார்.

துணியுமுன் எண்ணச் சொன்னார் வள்ளுவர். எண்ணிக்கொண்டே இருந்துவிடச் சொல்லவில்லை. என் ஆறாவது ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பேச்சுப்போட்டிப் பட்டியலில் இம்முறை என் பெயர் இருக்கிறது. நண்பர்களே, கைதட்ட வேண்டாம். வந்து கேளுங்கள், அது போதும்.