சாவி கையில் இருந்தால் வீடு உங்களுடையதா?



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக் கணினிக் கூடத்துக்குக் காசு சேர்க்கிற சகோதரர்களும் பழைய மாணவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இந்தக் கிழமை ஊர்க் குழுமத்தில் நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் பாவித்த விண்டோஸ், ஒபிஸ் லைசன்ஸ்களை ஒன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துத் தருவதாக ஒருவர் போட்டிருந்தார். இன்னொருவர் "இது களவு" என்றார். கீழே வந்த பதில்களில் அரைவாசி ஒரே வசனம்தான்: "நான் போட்டன், அக்டிவேட் ஆகிட்டு, பிறகென்ன?"

அந்தப் "பிறகென்ன" என்ற கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இதே ஆளிடம்தான் பாடசாலைக்கு வரப்போகிற பாவித்த மடிக்கணினிகளுக்கும் லைசன்ஸ் எடுக்கலாம் என்று கதை நடக்கிறது. அது உங்கள் சொந்தக் காசு இல்லை. பொதுக் காசு, அமானிதம்.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்வோம். அக்டிவேட் ஆவது வேறு, லைசன்ஸ் இருப்பது வேறு. அந்த 25 எழுத்தும் இலக்கமும் வெறும் சாவி. சாவி வைத்திருப்பவர் எல்லாம் வீட்டுக்காரர் இல்லை. காணி வாங்கும்போது நாம் உறுதியைக் கேட்கிறோம். பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ஸ்டார்ட் ஆகுதா என்று மட்டும் பார்த்துவிட்டா காசை எண்ணிக் கொடுக்கிறோம்? புத்தகம் எங்கே, யாருடைய பெயரில், லீசிங் முடிந்ததா, செசி நம்பர் சரியா என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். மென்பொருள் என்றதும் மட்டும் "ஸ்டார்ட் ஆகுது, போதும்" என்கிறோம்.

அதே நேரம், "பாவித்த மென்பொருள் என்றாலே களவு" என்று எழுதியவர்களும் பிழை. 2012 ஜூலை 3ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஜேர்மனியில் பாவித்த லைசன்ஸ்களை விற்ற யூஸ்ட்சொப்ட் நிறுவனத்துக்கும் ஒரக்கிள் கம்பனிக்கும் இடையிலான வழக்கு அது. காலவரையறை இல்லாத லைசன்ஸ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்கலாம், அது தரவிறக்கிய மென்பொருளாக இருந்தாலும் சரி, கம்பனி தடுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

குழுமத்தில் ஒரு சகோதரர் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். "ஐரோப்பாவிலேயே சரியாம், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார். ஆனால் தீர்ப்பின் மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. விற்கிறவர் தன்னிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதபடி அகற்றிவிட வேண்டும். ஒரு சேர்வரில் போட்டு 25 பேர் பாவிக்கிற லைசன்ஸில் தனக்குப் பத்துப் பேருக்குத்தான் தேவை என்று மிச்சத்தை வெட்டி விற்கவும் முடியாது. 2016இல் லத்வியாவிலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: மூல டிஸ்க்கை லைசன்ஸோடு விற்கலாம், தானே எரித்தெடுத்த பிரதியை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. பாவித்த ஓட்டோகேட் பெட்டிகளை ஈபேயில் விற்ற ஒருவர் ஓட்டோடெஸ்க் கம்பனிக்கு எதிராக வழக்காடினார். 2010இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவருக்குக் கிடைத்தது பாவிக்கும் அனுமதி மட்டும்தான், பொருளின் உடைமை இல்லை, ஆகவே மறுபடி விற்க முடியாது என்றது. எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சித்திட்டங்களைப் பாதுகாக்கிறது. உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்துகொண்டே அதை வர்த்தக ஆதாயத்துக்குப் பாவிப்பதையும் அது குற்றம் என்கிறது. கொமியூனிகேஷன் கடை, பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆக, மிகத் தாராளமான தீர்ப்பை எடுத்தாலும்கூட ஒரு சங்கிலி வேண்டும். முதலில் வாங்கியவர் யார், அவர் கைவிட்டாரா, அது உங்களிடம் எப்படி வந்தது? இந்தச் சங்கிலி இருந்தால் அது பாவித்த மென்பொருள். இல்லாவிட்டால் அது வெறும் 25 எழுத்து.

இப்போது அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வருவோம். விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மைக்ரோசொப்ட் தன் சொந்தத் தளத்தில் போட்டிருக்கும் விலை 199 அமெரிக்க டொலர். மலிவு என்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, பாவித்த பொருள் மலிவாகத்தான் வரும். ஆனால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும். வழக்கமாக வரும் வழிகள் இவை:

1. கணினி உற்பத்தியாளர் போட்டு விற்கும் ஓஈஎம் லைசன்ஸ். மைக்ரோசொப்டின் நிபந்தனைப்படி அது அந்தக் கணினியோடு பிறந்து அந்தக் கணினியோடு முடிவது. உடைந்த கணினியின் ஸ்டிக்கரைக் கழற்றி விற்பதும் அதன் கீயைப் பிரதி பண்ணி விற்பதும் லைசன்ஸை விற்பது ஆகாது.

2. நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தொகுதி லைசன்ஸ். ஒரே கீ, பல கணினிகள். யாரோ ஓர் ஊழியர் வெளியே விட்ட கீயை ஐம்பது பேருக்கு விற்கிறார்கள். கம்பனி கண்டுபிடித்து முடக்கும் வரை எல்லோருக்கும் அக்டிவேட் ஆகும்.

3. மாணவர்களுக்கும் மென்பொருள் உருவாக்குபவர்களுக்கும் இலவசமாகவோ சலுகையாகவோ கொடுத்தவை. விற்பதற்கு என்று கொடுத்தவை அல்ல.

4. களவெடுத்த கடனட்டையில் வாங்கியவை. அட்டைக்காரர் முறைப்பாடு செய்ததும் கீ செத்துவிடும்.

5. கீயே இல்லை, கிரக். கேஎம்எஸ் என்பது நிறுவனங்கள் தங்கள் கணினிகளை உள்ளுக்குள்ளேயே அக்டிவேட் பண்ணும் முறை. 180 நாள் செல்லும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் போலியாக நடிக்கவைக்கும் நிகழ்ச்சியை ஓடவிட்டு "லைசன்ஸ் போட்டாச்சு" என்று காசு வாங்குகிறார்கள். 2021 இறுதியில், கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் வந்த போலி இன்ஸ்டோலர்களுக்குள் கிரிப்ட்பொட் என்ற கடவுச்சொல் திருடும் நிகழ்ச்சி ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை ரெட் கெனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. "அன்டிவைரஸை ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்று ஒருவர் சொன்னால், வீட்டு நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துவை என்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் வீட்டுக் கணினியில் இப்போதே பாருங்கள். செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைத் திறவுங்கள். "உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், உங்களை நீங்களே கேளுங்கள்: எந்த நிறுவனம்? கந்தோர் கொடுத்த கணினி என்றால் சரி. கடையில் வாங்கிய சொந்தக் கணினி என்றால் உங்களுக்கு விற்கப்பட்டது லைசன்ஸ் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது கீ இல்லாமல் "எக்கவுன்ட்" விற்கும் வியாபாரம். "ஒபிஸ் 365, ஆயுட்காலம், ஐந்து கருவி" என்று விளம்பரம். வாங்கினால் ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வரும். @ குறிக்குப் பிறகு நீங்கள் வாழ்நாளில் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும். அது யாரோ ஒரு நிறுவனத்தின், அல்லது எங்கோ ஒரு கல்லூரியின் கணக்குத் தொகுதி. அந்தத் தொகுதியின் நிர்வாகி உங்கள் கடவுச்சொல்லை மாற்றலாம், கணக்கை அழிக்கலாம், வன்ட்ரைவில் நீங்கள் போட்டதைத் திறந்து பார்க்கவும் வழி உண்டு.

ஆசிரியர் சகோதரிகளே, சகோதரர்களே, நாம் அந்த வன்ட்ரைவில் என்ன போடுகிறோம்? தவணைப் பரீட்சை வினாத்தாள், புள்ளிப் பட்டியல், பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, முகவரி, பெற்றாரின் தொலைபேசி இலக்கம். முகம் தெரியாத ஒருவரின் அலுமாரியில் ஊர்ப் பிள்ளைகளின் விபரத்தை வைத்துவிட்டு, பூட்டு நல்லா இருக்கு என்று சந்தோஷப்படுகிறோம்.

"போட்டோஷொப் ஆயுட்கால லைசன்ஸ்" என்பதும் இதே ரகம். அடோபி கம்பனி சீஎஸ்6க்குப் பிறகு போட்டோஷொப்பைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. இன்றைய போட்டோஷொப்புக்கு ஆயுட்கால லைசன்ஸ் என்ற பொருளே சந்தையில் இல்லை. இல்லாத பொருளைப் பாவித்த பொருளாக எப்படி விற்பது?

விற்கிறவரிடம் இந்த ஐந்தைக் கேளுங்கள். இது எந்த வகை லைசன்ஸ்? முதலில் வாங்கியவரின் பற்றுச்சீட்டு எங்கே? அவர் தன் கணினியிலிருந்து அகற்றிவிட்டார், எனக்கு மாற்றித் தருகிறார் என்று எழுத்தில் தருவீர்களா? உங்கள் பெயர், முகவரியோடு எனக்குப் பற்றுச்சீட்டு உண்டா? ஆறு மாதத்தில் முடங்கினால் காசைத் திருப்பித் தருவீர்களா, அல்லது இன்னொரு கீ தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு "இன்னொரு கீ தாறன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு காணிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது உறுதி எழுதித் தருபவரிடம் நாம் காணி வாங்குவதில்லை.

இனி வழமையான பதில். "நாங்க ஏழை நாடு, டொலர் விலை இந்த நிலைமை, அந்தக் கம்பனிக்கு இதால ஒரு நட்டமும் இல்லை."

விலை எங்களுக்கு எட்டாது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. லைசன்ஸ் வகைகளைச் சாதாரண ஆளுக்கு விளங்காதபடி வைத்திருப்பதும் அந்தக் கம்பனிகள்தான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் கொடுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எந்த ஏழைக்குப் போகிறது? உருவாக்கியவருக்கும் போவதில்லை. விற்க உரிமையே இல்லாத ஒருவரின் பைக்குள் போகிறது. உங்கள் ஏழ்மையைக் காட்டி அவர் உழைக்கிறார். கம்பனி அநியாயம் செய்கிறது என்று நினைத்தால் கம்பனியை விட்டு வெளியே வாருங்கள், வாசலில் நிற்கும் தரகருக்கு ஏன் காசு?

வெளியே வர வழி இருக்கிறது. லிப்ரே ஒபிஸ் இலவசம், சட்டப்படி இலவசம், எத்தனை கணினியிலும் போடலாம். கடிதம் தட்ட, விரிதாள் போட, முன்வைப்புத் தயாரிக்கப் பிள்ளைகளுக்கு அது தாராளம். வேர்டுதான் வேண்டும் என்றால் மைக்ரோசொப்ட்டே பிரவுசருக்குள் இலவசமாகத் தருகிறது, இலவசக் கணக்கு ஒன்று போதும்.

கணினிக் கூடத்துக்கு வரப்போகிற மடிக்கணினிகளைப் பற்றி இன்னொன்று. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸோடு விற்பனையான மடிக்கணினிகளில் கீ பெரும்பாலும் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. அதே பதிப்பைப் புதிதாகப் போட்டால், இணையத்தோடு இணைத்ததும் தானாக அக்டிவேட் ஆகும். பிரச்சினை என்னவென்றால், சில இடங்களில் ஹோம் பதிப்புக்கு நேர்மையான லைசன்ஸ் உள்ள கணினியைத் துடைத்துவிட்டு ப்ரோவைப் போட்டு, அதற்குக் கிரக் அடித்து, அதற்கும் காசு எடுக்கிறார்கள். உறுதி உள்ள காணியை விட்டுவிட்டு உறுதி இல்லாத காணியில் குடியேற்றுகிறார்கள். ஆகவே வாங்க முன்னர் ஒவ்வொரு கணினியையும் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் ஒரு சதமும் கொடுக்கத் தேவை வராது. விண்டோஸ் 11 ஓடாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போடலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதற்குக் கீ வாங்குவது காலாவதியான பால்மா வாங்குவது போல.

வகுப்பில் மென்பொருள் களவு பிழை என்று படிப்பிக்கிறோம். அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் கணினியே களவு என்றால் பிள்ளை எதைப் படிக்கும்? நாம் சொன்னதையா, செய்ததையா?

விற்பவர் யார் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவரிடம் சங்கிலி இருந்தால் காட்டட்டும், நானே முதலில் வாங்கச் சொல்கிறேன். குழு கூடும்போது மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதில் எழுத்தில் வரும் வரை பொதுக் காசில் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது.

அக்டிவேஷன் பக்கத்தில் என்ன வருகிறது என்று விளங்காதவர்கள் படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கீயை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.