மாட்டுக்குப் பல் பார்ப்போர் காருக்கு மீற்றரை மட்டும் பார்ப்பதோ?

மாடு வாங்கப் போகும் நம்மவர் சும்மா வாங்கி வருவதில்லை. பல்லைப் பிடித்து வயதை அறிவர், சுழி பார்ப்பர், நடத்திப் பார்ப்பர், தரகன் சொல்வதிற் பாதியைத் தள்ளிவிடுவர். அதே மக்கள் பன்மடங்கு பணங் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது மாத்திரம் மீற்றர் காட்டும் இலக்கத்தை வேதவாக்காகக் கொள்கின்றனர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை மலைபோல் ஏறிற்று. விலை ஏறிய பொருளில் வஞ்சகமும் ஏறுவது வியப்பன்று.

அண்மையில் வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் எம்மிடம் வந்தார். வெங்காயம் விற்ற காசோடு மனைவியின் நகையை அடகு வைத்த காசையும் சேர்த்துக் கார் வாங்கியவர். மீற்றர் 48,000 கிலோமீற்றர் என்றது. நான்காம் மாதம் கியர்பொக்ஸ் பழுதாயிற்று. மெக்கானிக் பொனற்றைத் திறந்து ஆராய்ந்தபோது, முன்பொருகால் ஒயில் மாற்றியவர் ஒட்டிய சீட்டு அகப்பட்டது. அதில் இருந்த தூரம் 1,36,000!

"ஐயா, வழக்குப் போடலாமோ?" என்றார். பற்றுச்சீட்டைப் பார்த்தோம். கார் இலக்கமும் விலையும் இருந்தன. ஓடிய தூரம்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தபடியே பார்த்து ஏற்றுக்கொண்டதாக அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன்கீழ் அவரது கையொப்பம். அவ்வரியின் பொருள் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மீற்றரின் இலக்கத்தைக் குறைக்கச் சிறு கருவியும் சில நிமிடமும் போதும். ஆனால், காரின் உறுப்புகள் அனைத்தையும் பொய்சொல்லப் பழக்குதல் எளிதன்று. பிரேக் மிதியின் றப்பரையும் ஸ்டியறிங்கையும் சாரதியின் ஆசனத்தையும் பாருங்கள். ரயரின் பக்கத்தில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கார் 20,000 கிலோமீற்றரே ஓடியதென்று கூறி, நான்கு ரயரும் 2023இல் செய்தவையாயின், முதல் ரயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேளுங்கள்.

கணக்கும் போடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மாதம் இருமுறை போய்வந்த கார் அதனால் மட்டுமே ஆண்டுக்கு 19,200 கிலோமீற்றர் ஓடியிருக்கும். ஐந்தாண்டு அவ்வாறு ஓடிய கார் 40,000 காட்டுமானால், பொய் சொல்வது யார்?

ஜப்பானிலிருந்து வந்த காராயின் ஏலத் தாளையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள். வியாபாரி நீட்டும் பிரதியோடு அமையாது, சேஸி இலக்கத்தைக் கொண்டு நாமே விசாரித்தல் வேண்டும். இங்கு ஓடிய காராயின் முன்னைய சொந்தக்காரரை நேரிற் காணுங்கள்.

சட்டம் நம்மைக் கைவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் விற்போன் தரும் உறுதிமொழிக்கு மதிப்பளிக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரியின் பொய்யுரையைத் தடுக்கின்றது. ஆனால், சொன்னதை நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவரே. ஆதலால், "மீற்றர் காட்டும் தூரமே இக்கார் உண்மையாக ஓடிய தூரம்" என்று பற்றுச்சீட்டில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். மறுக்கும் வியாபாரி, கேளாத கேள்விக்கும் விடை தந்தவனாவான்; எழுந்து வந்துவிடுங்கள்.

அவ்வரியைத் தமிழிலேயே கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி என்ற 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தனியார் வியாபாரியைக் கட்டுப்படுத்தாதுதான். எனினும் பணம் நம்முடையது. அது கைமாறும்வரை நிபந்தனை விதிக்கும் உரிமையும் நம்முடையதே. வாசிக்க இயலாத தாளில் ஒப்பமிடுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு வாங்குவதற்கு ஒப்பாகும்.

அத்தோட்டக்காரருக்காக வியாபாரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஒயில் படிந்த அந்தச் சீட்டே எம் கையிலுள்ள சான்று. வெற்றி நிச்சயமென்று அவருக்கு நாம் வாக்களிக்கவில்லை. வாங்கிய அன்று ஒரு வரி எழுதுவித்திருந்தால், இன்று அவர் நம் வாசலில் நிற்க வேண்டியதில்லை.