எத்தனை டன்? சரி... எத்தனை நொடி?



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், அரியர் பற்றிய புலம்பல் கட்டாயம் இருக்கும். இவற்றின் நடுவே கான்கிரீட் கியூபைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறானே என்று திட்டாதீர்கள். இரண்டு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நாம் சாப்பிடப் போகிற சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

எந்த பாலிடெக்னிக் லேபுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கியூப் உடைக்கிற அன்று மெஷினைச் சுற்றி பதினைந்து பேர் நிற்பார்கள். ஒருவன் வால்வைத் திறப்பான். முள் ஏறும். ‘டப்’! “எவ்ளோ டா?” “நானூத்தி அறுபது!” பதினைந்து ரெக்கார்டிலும் 460 ஏறிவிடும். பரப்பால் வகுத்தால் விடை வந்துவிடும், டீக்கடைக்குப் போகலாம். அந்த 460-க்கு முள் போய்ச் சேர எத்தனை நொடி ஆயிற்று? யாரும் கேட்பதில்லை. எழுதுவதற்கு ரெக்கார்டில் கட்டமும் கிடையாது.

என் கருத்து இதுதான். நேரம் எழுதப்படாத 460 பாதி எண்தான்.

இதை நானாகச் சொல்லவில்லை. நாம் மனப்பாடம் செய்கிற ஐ.எஸ். 516 சொல்கிறது. 1959-லேயே வந்த விதி. அதிர்ச்சி இல்லாமல், நிறுத்தாமல், நிமிடத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்ற வேகத்தில் பளுவை ஏற்ற வேண்டும். 150 மி.மீ. கியூபின் முகப்பரப்பு 225 ச.செ.மீ. பெருக்கினால் நிமிடத்துக்கு 31,500 கிலோ, அதாவது சுமார் 315 கிலோ நியூட்டன். எம் 20 கியூப் சரியாக 20 நியூட்டனில் உடைகிறது என்றால் அது 450 கிலோ நியூட்டன். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 86 நொடி வரும். கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம்! முப்பது நொடியில் ‘டப்’ என்றால் அது வேறு சோதனை. ஐ.எஸ். 516 என்று தலைப்புப் போட அதற்குத் தகுதி இல்லை.

செங்கல் கதை இன்னும் மோசம். செங்கல்லுக்கும் அதே வேகம்தான், நிமிடத்துக்கு 14 நியூட்டன். 3.5 கிளாஸ் செங்கல் அந்த வேகத்தில் 15 நொடியில் உடைந்துவிடும். வால்வைப் பிடித்திருக்கிற கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் போச்சு.

வேகமாக அமுக்கினால் என்ன ஆகும்? கான்கிரீட் உள்ளதைவிட பலசாலி மாதிரி நடிக்கும். காரணம் லேசானது. கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் முதலிலேயே இருக்கின்றன. பளு ஏறும்போது அவை வளர்ந்து ஒன்றோடு ஒன்று கைகோக்க வேண்டும், அப்போதுதான் உடையும். வளர்வதற்கு நேரம் வேண்டும். நேரம் கொடுத்தால் ஜல்லியைச் சுற்றி, பலவீனமான இடமாகப் பார்த்து ஓடும். கொடுக்காமல் படீரென்று அடித்தால் ஜல்லியையே பிளந்துகொண்டு போக வேண்டிவரும். அதற்குப் பளு அதிகம் வேண்டும். அமெரிக்காவில் டஃப் ஆப்ராம்ஸ் 1917-லேயே இதை எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு நண்பன் குறுக்கே விழுந்தான். “எவ்ளோடா வித்தியாசம் வரப்போவுது?” நியாயமான கேள்வி. சாதாரண மெஷின்களில் ஒரு ச.மி.மீ.க்கு வினாடிக்கு 0.07 நியூட்டனிலிருந்து 0.7 நியூட்டன் வரை, அதாவது பத்து மடங்கு வேகத்தை மாற்றினாலும், வருகிற பலம் 97-க்கும் 103-க்கும் நடுவில்தான் ஆடும் என்கிறது ஆராய்ச்சி. மூன்று சதவீதம்! சிரிப்புதான் வரும். ஆனால் 19.6-ல் நிற்கிற கியூபை நினைத்துப் பாருங்கள். மூன்று சதவீதம் கூட்டினால் 20.2. ஃபெயில் ஆக வேண்டியவன் பாஸ்!

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அளவில் வருகிற மற்ற பிசகுகள் ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும், சராசரியில் கழிந்துவிடும். அவசரத்தால் வருகிற பிசகு அப்படிக் கழியாது. அது எப்போதும் கூட்டியே காட்டும். எப்போதும் கான்ட்ராக்டர் பக்கமே சாயும்.

அந்தப் பக்கம் கட்டடத்தைப் பாருங்கள். அதன் மேல் பளு ஒன்றரை நிமிடத்தில் ஏறி இறங்குவதில்லை. ஐம்பது அறுபது வருஷம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் ரூஷ் என்பவர் 1960-ல் இதைச் சோதித்து வெளியிட்டார். லேபில் உடைகிற பளுவில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் வைத்து அப்படியே விட்டுவிட்டால், கான்கிரீட் இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது உடைந்தே தீரும். வேகம் கூட்டிக் காட்டுகிறது, காலம் குறைத்துவிடுகிறது. நாம் இரண்டையும் எழுதாமல் 460 என்று எழுதிவிட்டு வருகிறோம்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குப் புதிது கிடையாது. அப்பா திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். (கல்மரம் பார்க்க டூர் போவோமே, அதே திருவக்கரைதான்.) வெடி வைக்காமல் ஆப்பு அடித்துப் பாறை பிளந்த நாட்களைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் ஒரு சுற்று லேசாகத் தட்டிவிட்டு பீடி பற்ற வைப்பார்களாம். அப்புறம் அடுத்த சுற்று. நடுவில் ‘ணங்’ என்ற சத்தம் ‘டொக்’ என்று மாறும். புது ஆள் எவனாவது ஆவேசமாக ஒரே ஆப்பைப் போட்டுச் சாத்தினால், கல் கண்ட இடத்தில் தெறிக்கும். “கல்லுக்கு நேரம் குடுறா. அதுவே வழி வுடும்.” நான் ரூஷ் பற்றிச் சொன்னபோது அப்பா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. “இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போவணுமா?” என்றார்.

அதே ஊர்ப் பக்கத்து ஜல்லிதான் திண்டிவனம், விழுப்புரம் சுற்றி ரோட்டுக்கும் வீட்டுக்கும் நிறையப் போகிறது. அந்த ஜல்லியை ஐ.எஸ். 2386 இரண்டு விதமாகக் கேள்வி கேட்கிறது, கவனித்தீர்களா? நொறுங்கு மதிப்புக்கு 40 டன் பளுவை ஒரே சீராக 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். தாக்க மதிப்புக்கு 14 கிலோ வரை உள்ள சுத்தியலை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 தடவை போட வேண்டும், அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு நொடியாவது விட்டு. இரண்டிலும் 2.36 மி.மீ. சல்லடையில் விழுகிற தூளைத்தான் எடை போடுகிறோம். கல் ஒன்று, சல்லடை ஒன்று, வேகம் மட்டும் வேறு. மெதுவாக அமுக்குவதும் படீரென்று அடிப்பதும் ஒன்றுதான் என்றால் அரசாங்கம் எதற்கு இரண்டு மெஷின் வாங்கச் சொல்கிறது?

தாரில் வேகம் இன்னும் பச்சையாகத் தெரியும். மயிலம் பங்குனி உத்திரத்தில் ஜவ்வு மிட்டாய் வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெதுவாக இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். தாரும் அதே ஜாதி. அதனால்தான் டக்டிலிட்டி டெஸ்டில் 27 டிகிரி, நிமிடத்துக்கு 5 செ.மீ. என்று வெப்பத்தையும் வேகத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கிறார்கள். திண்டிவனத்தில் சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை ரோடுகள் கூடுகிற இடத்தில் நடந்து போகும்போது கீழே பாருங்கள். வேகமாக ஓடுகிற லாரியைத் தார் தாங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஊர்ந்து, நின்று, கிளம்புகிற லாரிதான் சக்கரத் தடத்தைப் பள்ளமாக்கும். எடை அதே எடைதான்.

இரும்புக்கும் அவசரம் தெரியும். ஜான் ஹாப்கின்சன் 1872-ல் ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, அதில் எடையை மேலிருந்து விழவைத்துப் பார்த்தார். கம்பி அறுவதும் அறாததும் எடையைவிட விழுந்த உயரத்தைப் பொறுத்தே இருந்தது. உயரம் என்றால் வேகம். அவர் மகன் பெர்ட்ராம் 1914-ல் அதிர்ச்சியை அளக்க ஒரு நீண்ட தண்டைப் பயன்படுத்தினார். அதை இரண்டாகப் பிரித்து நடுவில் மாதிரியை வைத்துச் சோதிக்கும் முறையை கோல்ஸ்கி 1949-ல் கொண்டுவந்தார், இன்றும் உலகம் முழுக்க அதுதான். அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் தொடங்கினான். நமக்கும் அப்பா விட்ட இடம் ஒன்று உண்டு, அது குவாரியாக இருந்தால் என்ன?

சரி, சோறு என்று ஆரம்பித்தேனே, அதற்கு வருகிறேன். நம்மில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்ததும் போய் நிற்கப் போவது ரோடு வேலை லேபிலோ ரெடிமிக்ஸ் பிளான்ட் லேபிலோதான். வால்வு நம் கையில் இருக்கும். போன வருஷம் படித்துவிட்டுப் போன ஒரு அண்ணன் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே பக்கத்தில் ஒருவர் வந்து நின்று, “தம்பி, இன்னும் ஆறு கியூப் கீது. கொஞ்சம் தொறந்து வுடுப்பா” என்றாராம். பொய் எண் எழுதச் சொல்லவில்லை. கையெழுத்தை மாற்றச் சொல்லவில்லை. கொஞ்சம் தொறந்து விடச் சொன்னார், அவ்வளவுதான். முள் காட்டியதைத்தான் எழுதப் போகிறோம், அதில் என்ன தப்பு என்று நம் மனசாட்சியும் தலையாட்டும். படிக்கிற காலத்தில் ஒரு தடவைகூட நொடி எண்ணாதவனுக்கு அங்கே மறுத்துச் சொல்ல வாய் வராது. சொன்னாலும் எதைக் காட்டிச் சொல்வான்? ரிப்போர்ட்டில் நேரத்துக்குக் கட்டமே இல்லையே!

வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். முதல் வேலை, முதல் சம்பளம், கேட்டவர் வயதில் பெரியவர். “சரிங்க சார்” தானாக வந்துவிடும். விதி எண்ணும் 86 நொடியும் நாக்கு நுனியில் இருந்தால்தான் “இல்லைங்க சார், ஒன்றரை நிமிஷம் ஆவும்” என்று மரியாதையாகவே சொல்ல முடியும்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை. வருகிற பருவத்தில் கியூப், செங்கல் சோதனைகளுக்கு ரெக்கார்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும்: ஆரம்பித்த நேரம், உடைந்த நேரம். அச்சடிக்க வேண்டாம், ஸ்கேலும் பேனாவும் போதும். செல்போனை லேபுக்குள் விடமாட்டார்கள், அதனால் சங்க நிதியில் இரண்டு ஸ்டாப் வாட்ச். வால்வில் ஒருவன், வாட்சில் ஒருவன். மெக்கானிக்கல் நண்பர்களும் சேர்ந்துகொள்ளலாம். யு.டி.எம்.மில் கம்பி இழுக்கிறீர்களே, ஈல்டு வரும் வரை வினாடிக்கு 6 முதல் 60 நியூட்டன் வரைதான் அனுமதி. எஃப்.இ. 500 கம்பி என்றால் 8 நொடிக்குக் குறையவே கூடாது. இந்த வாரமே எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்