தொண்டைப் புற்றுநோய்: வைரஸ் பரிசோதனை கட்டாயமாகட்டும்

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனையாவது ஸ்டேஜ்?’ என்பதுதான். கட்டியின் அளவையும் பரவலையும் மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடிந்த காலம் போய்விட்டது. டான்சிலிலோ அடிநாக்கிலோ வந்த புற்றுநோய் என்றால், அதற்கு எச்.பி.வி. வைரஸ் காரணமா, இல்லையா என்பதும் தெரிந்தாக வேண்டும். இந்தப் பரிசோதனையை எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்குவதும், ஏழைகளுக்கு இலவசமாகச் செய்து தருவதும் அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான் இது. அமெரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான முக்கியமான ஆய்வு ஒன்று, முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வந்த நடுத்தொண்டைப் (டான்சில், அடிநாக்கு உள்ள பகுதி) புற்றுநோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. வைரஸால் நோய் வந்தவர்களில் 82.4 சதவீதம் பேர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். வைரஸ் தொடர்பில்லாதவர்களில் அந்த அளவு 57.1 சதவீதம் மட்டுமே.

இந்த வேறுபாட்டில் உடலின் எதிர்ப்பு சக்திக்குப் பெரும் பங்கு உண்டு. புகையிலையும் மதுவும் உண்டாக்கும் புற்றுநோயில், பல ஆண்டுகளாகச் சிதைந்த மரபணுக்கள் கதிர்வீச்சையும் கீமோவையும் எதிர்த்து நிற்கின்றன. வைரஸ் உண்டாக்கும் புற்றுநோயில் அந்த அளவுக்குச் சிதைவு இருப்பதில்லை. வைரஸின் புரதங்கள் புற்றுசெல்லுக்குள் இருந்துகொண்டே இருப்பதால், உடலின் டி செல்கள் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு தாக்குகின்றன. கட்டிக்குள் இந்தச் செல்கள் நிறைந்திருப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். அவை குறைவாக உள்ளவர்களுக்கு, வைரஸ் காரணமாக இருந்தும் அந்த அனுகூலம் கிடைப்பதில்லை. புகைப்பழக்கமும் அதைப் பறிக்கிறது. மேற்சொன்ன ஆய்விலேயே, வைரஸால் நோய் வந்து, அதிகம் புகைக்காதவர்கள் அடங்கிய பிரிவில் 93 சதவீதம் பேர் மூன்றாண்டுகளைக் கடந்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் தினம் ஒரு பாக்கெட் என்ற அளவுக்குப் புகைத்து, கழுத்தில் பல நெறிக்கட்டிகளும் கண்டவர்கள் அடங்கிய பிரிவில் அது 70.8 சதவீதமாகச் சரிந்தது.

‘பரிசோதனை முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை, பிறகு எதற்கு இந்தச் செலவு?’ என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வைரஸால் வந்த நோய்தானே என்று சிஸ்பிளாட்டின் என்ற வழக்கமான கீமோ மருந்துக்குப் பதிலாக செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018-இல் வந்தன. இரண்டிலுமே செடுக்சிமாப் பெற்றவர்களின் உயிர்பிழைப்பு குறைந்தது. ஆகவே, பரிசோதனை முடிவைக் காட்டிச் சிகிச்சையைக் குறைக்க யாரும் முற்படக் கூடாது.

ஆனால், மீதிப் பாதியை அவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். டான்சிலில் மூன்று சென்டிமீட்டர் கட்டி, அதே பக்கக் கழுத்தில் இரண்டு மூன்று சிறிய நெறிக்கட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய அட்டவணைப்படி இது நான்காம் நிலை. 2018-இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய வகைப்பாட்டின்படி, வைரஸ் காரணம் என்றால் இதுவே முதல் நிலை. ‘நாலாவது ஸ்டேஜ்’ என்ற சொல்லைக் கேட்டதும் நிலத்தையும் நகையையும் விற்றுப் பயனில்லை என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போகும் குடும்பங்களை நாம் அறிவோம். குணமாக நல்ல வாய்ப்புள்ள ஒருவரை, செய்யாமல் விட்ட ஒரு பரிசோதனை சாவை நோக்கி அனுப்பிவிடக் கூடாது.

இதற்காக நோயாளியை மறுபடியும் வருத்த வேண்டியதில்லை. பயாப்ஸிக்காக எடுத்து மெழுகில் பதித்து வைத்த சதையிலிருந்தே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, வைரஸின் மறைமுக அடையாளமான ‘பி16’ புரதத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றினால் போதும். புற்றுசெல்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் பழுப்பு நிறம் அழுத்தமாக ஏறினால் ‘பி16 பாசிட்டிவ்’. ஆனால், அதோடு நின்றுவிடவும் கூடாது. ஒன்பது நாடுகளின் 7,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், பி16-உம் வைரஸும் சேர்ந்து இருந்தவர்களில் 81.1 சதவீதம் பேர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தனர். பி16 மட்டும் இருந்து வைரஸ் இல்லாதவர்களில் 54.7 சதவீதமே. வைரஸின் பங்கு குறைவான பகுதிகளில்தான் இப்படிப்பட்ட முரண் அதிகம். புகையிலையே முதன்மைக் காரணமாக உள்ள நம் நாட்டுக்கு இது நேரடியான எச்சரிக்கை. பி16 பாசிட்டிவ் என்றால் வைரஸையும் நேரடியாகத் தேடி உறுதிசெய்ய வேண்டும்.

எதிர்ப்பு சக்தி இவ்வளவு முக்கியம் என்றால், எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு அதற்கான மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் மீது கூடுதல் கவனம் வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதன்பின் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள், கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள் என்று நாம் கட்டியெழுப்பிய அமைப்பைப் புற்றுநோய்ப் பிரிவுகளோடு இணைக்க வேண்டும். தொற்றைக் காரணம் காட்டி யாருக்கும் முழு சிகிச்சையை மறுக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் பாகுபாட்டைத் தடை செய்கிறது; ஒப்புதலையும் ரகசியத்தையும் கட்டாயமாக்குகிறது. எச்.பி.வி. முடிவைச் சொல்லும்போதும் இதே பக்குவம் தேவை. பாலுறவு வழியாகத் தொற்றும் வைரஸ் என்றதும் வீட்டில் சந்தேகம் கிளம்பும். பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒரு முறையாவது தொட்டுச் செல்லும் வைரஸ் இது. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருக்கலாம் என்பதை எடுத்துச் சொல்ல ஆலோசகர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

எத்தனை பேருக்கு வைரஸால் தொண்டைப் புற்றுநோய் வருகிறது என்ற கணக்கு அரசுக்கும் தேவை. 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட ரூ.36 கோடி ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆஸ்திரேலியா 2013 முதலும் இங்கிலாந்து 2019 முதலும் சிறுவர்களுக்கும் இதைப் போடுகின்றன. அமெரிக்காவில் எச்.பி.வி. தொடர்புடைய புற்றுநோய்களில் கருப்பைவாயை முந்தி, ஆண்களை அதிகம் தாக்கும் தொண்டைப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நம் மாநிலத்தில் சிறுவர்களுக்கும் தடுப்பூசி தேவையா, எப்போது என்பதை ஊகத்தால் முடிவுசெய்ய முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பரிசோதனை செய்து, முடிவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றினால்தான் விடை கிடைக்கும். புகையிலைக்கு எதிரான நடவடிக்கை இதனால் ஒரு துளியும் தளரக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடுத்தொண்டைப் புற்றுநோய்க்கான சிகிச்சைத் தொகுப்போடு பி16, எச்.பி.வி. பரிசோதனைகளையும் சேர்த்து, அந்த முடிவுகள் இல்லாத நோயறிக்கையை முழுமையற்றது என்று அறிவிக்க வேண்டும். சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. அடுத்த நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்காமல், ஓர் அரசாணையின் மூலம் மக்கள் நல்வாழ்வுத் துறை இதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.