வேதனையைப் பொறுப்பதும் போக்குவதும்



மேலூர் வட்டாரத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்று பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கட்டிலருகே இருவிதப் பேச்சுகள் எழுவதுண்டு. "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்" என்பது ஒன்று. "அது அபின் ஊசியாம், போட்டால் பழகிப்போகும், வேண்டாமென்று சொல்லிவிடு" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் எழுபவையே. எனினும் இரண்டையும் ஆராய்ந்து பார்த்தல் நலம்.

வலி நீக்கும் மருந்துகள் இரு வகைப்படும். அபின் இனம் சாராத பாரசிட்டமால், ஐபுபுரூபென், டைக்ளோபினாக் முதலியன ஒரு வகை. இவை அடிமைப்படுத்துவதில்லை, ஆயினும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல. பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். மற்ற இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கலாம். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு ஆகா. மார்ஃபின், பெண்டனில், டிரமடால் ஆகியவை மற்றொரு வகை. இவை கடும் வலியையும் அடக்க வல்லவை. ஆனால் குமட்டலும் மலச்சிக்கலும் தரும். அளவு மிஞ்சினால் மூச்சையே மந்தமாக்கும். நெடுநாள் தொடர்ந்தால் அடிமைப்படுத்தக்கூடும்.

ஆகவே இன்றைய மருத்துவர்கள் முதல் வகையை அடித்தளமாகக் கொள்கின்றனர். இயன்ற இடத்தில் நரம்பருகே மருந்து செலுத்தி அப்பகுதியை மரத்துப்போகச் செய்கின்றனர். அவற்றுக்கும் அடங்காத வலிக்கே மார்ஃபின் இன மருந்துகளைக் குறைந்த அளவில், சில நாள்களுக்கு மட்டும் தருகின்றனர். அவ்வாறு கண்காணிப்புடன் கொடுக்கப்படும்போது அடிமையாகும் அபாயம் சிறிதே.

வலியை அடக்காமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. வயிற்றில் தையல் போட்டவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடார், இருமார். சளி தங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடவாதவரின் கால்களில் இரத்தம் உறையலாம்.

அளவிறந்த அச்சமும் அளவிறந்த தாராளமும் ஒருங்கே தீமை விளைத்துள்ளன. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், கடும் வேதனையுற்ற புற்றுநோயாளருக்கும் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்காவிலோ 1990-களின் பிற்பகுதி முதல் இம்மருந்துகளை வரையறையின்றி எழுதிக்கொடுத்ததால் எண்ணற்றோர் அடிமையாகி மாண்டனர்.

திருச்சபை கூறுவது என்ன? 1957 பிப்ரவரி 24 அன்று மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதனைத் தெளிவாக்கினார்: துன்பத்தை மனமுவந்து ஏற்பது புண்ணியமாகலாம், ஆனால் வேதனையைத் தணிக்கும் மருந்தை மறுக்கவேண்டும் என்ற பொதுக்கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை. சிலுவையடியில் நீட்டப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த மதுவை இயேசு தாமே மறுத்தார். தம்மை நாடிவந்த நோயாளரிடமோ, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை, குணமாக்கினார். தன் துன்பத்தை ஒப்புக்கொடுக்க ஒருவருக்கு உரிமையுண்டு. பிறர் துன்பத்தை அவருக்காக ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.

ஆகையால் வலியின் கடுமையை மருத்துவரிடம் மறையாது உரையுங்கள். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம் இருப்பின் முன்னரே தெரிவியுங்கள். நிறுத்தச் சொன்ன நாளில் மருந்தை நிறுத்துங்கள். எஞ்சிய மாத்திரையை மற்றவருக்குக் கொடாதீர்கள். வேதனை தணிந்த நோயாளி அமைதியாய் உறங்குவார். விழித்தபின் அமைதியாய்ச் செபிக்கவும் செய்வார்.