நண்பன் கையில் தடி எதற்கு?

ஆட்சியில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்போர் நாம். காவல் பணியில் பங்கு என்றால் மட்டும் நமக்குக் கசக்குமா? கசக்காது. ஆனால் கேட்கிறோம்: அந்தப் பங்கை அளந்து கொடுப்பது சட்டமா, ஆய்வாளரின் தயவா?

1993-ல் இராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் தோன்றியது. மக்களுக்கும் காவல்துறைக்கும் பாலம் என்றனர். நல்ல பாலந்தான், கைப்பிடிச் சுவர் கட்ட மறந்தனர்! 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டனர். அந்த 'நண்பர்கள்' மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு இயக்கத்தையே தடை செய்தது.

தடை ஒன்றே தீர்வாகுமா? இங்கிலாந்தையும் வேல்சையும் பாருங்கள். 2002-ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் அங்கே சமூக ஆதரவு அலுவலரைப் படைத்தது. அவருக்கு ஊதியம் உண்டு, சீருடை உண்டு, காவலருக்குரிய கைது அதிகாரம் மட்டும் இல்லை. தெருவைச் சுற்றி வருவார், குடிமக்களின் குறை கேட்பார். அவர் எதைச் செய்யலாம் என்பது எழுத்தில் இருக்கிறது. எல்லை மீறினால் முறையிட வழியும் இருக்கிறது.

இங்கும் மக்கள் காவலுக்கு வரட்டும், வரவேற்போம். அவர்தம் பெயர்ப்பட்டியல் ஊரறிய வெளிவரட்டும். சாதி பார்த்தும் கட்சி பார்த்தும் ஆள் பொறுக்கும் வழக்கம் ஒழியட்டும். விசாரணை அறையின் வாயிற்படியை அவர்கள் மிதியாதிருக்கட்டும். இவற்றைச் சட்டமாக எழுதுக என்கிறோம்.

சட்டம் கோடு கிழிக்காத இடத்தில் தொண்டன் வளர்வதில்லை தோழர்களே, அடியாள்தான் வளர்வான்!