கல் தீர்ந்தா ஊர் என்னாகும்?

அரியலூர்ல பஸ்சுக்குக் காத்திருக்கும்போது சுண்ணாம்புக்கல் லாரி எத்தனை போகுதுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. அப்புறம் தனியார் ஆலைகள் வரிசை கட்டின. சரி, கல் தீர்ந்துட்டா?

இதுக்குப் பதில் சொல்ல ஒரு ஊர் இருக்கு: கோலார் தங்கவயல். கர்நாடகம்தான். ஆனா தெருவுல இறங்கினா காதுல விழுறது தமிழ். வட ஆற்காடு பக்கமிருந்து போய் பூமிக்குள் இறங்கினவங்களோட பேரன், பேத்திகள்தான் அங்கே நிறைய.

அந்த ஊர் மேப்பைப் போட்டதே சுரங்கம்தான். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போற ரயில், சுரங்கங்களை ஒட்டியே ஓடும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டத்தோட பங்களா, கிளப். தொழிலாளிக்கு சுரங்கத்துப் பக்கத்துலேயே 'லைன்' வீடு, பெரும்பாலும் ஒரே அறை. கடைகண்ணிக்கு ராபர்ட்சன்பேட்டை. நடுநடுவே குட்டி மலைகள். அதெல்லாம் தங்கத்தைப் பிரிச்சுட்டுக் கொட்டின சயனைடு மண்!

சாதாரண ஊரில்லை. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரன்ட் வந்துடுச்சு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தோட ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல.

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடிட்டாங்க. தங்கம் சுத்தமா தீரலை. தோண்டுற செலவு கட்டுப்படியாகலை, அவ்வளவுதான். லைன் வீடு இருக்கு, மண் மலை இருக்கு, வேலை இல்லை. காலையில ரயிலேறி பெங்களூரு போய் ராத்திரி திரும்புறதுதான் பலருக்கு இப்போ 'ஷிஃப்ட்'.

நம்ம பக்கம் அந்த அளவுக்கு மோசமில்லை. பெரம்பலூர்ல சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தின்னு வேற பொழப்பும் இருக்கு. கல்லுக்குள்ளேயே இன்னொரு சொத்தும் இருக்கு. ஒரு காலத்துல இங்கே கடல் இருந்ததுக்கு சாட்சியா சிப்பி, நத்தைப் படிமங்கள். சாத்தனூர்ல சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின, 18 மீட்டர் நீளக் கல்மரம். கல்லை அரைச்சா ஒரு தடவைதான் காசு. காப்பாத்தி வெச்சா காலத்துக்கும் ஆள் வரும்.

தோண்டின குழியை என்ன செய்யப் போறோம்னு முன்கூட்டியே 'மூடல் திட்டம்' தரணும்னு விதியே இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊர்ப் பக்கத்துச் சுரங்கத்தோட மூடல் திட்டத்தை தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கிப் படிங்க. லாரி ஓடுறப்போவே கேட்டாதான் அந்தக் கேள்விக்கு மதிப்பு!